பேண்டு ஆரம்பிக்கிற பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலக்காட்டு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு பழைய கொப்பரைக் கிடங்கில் ரிகர்சல் ரூம் நடத்துகிறேன். அதற்கு முன்னால் கானமேளா ட்ரூப்பில் பேஸ் கிட்டார் வாசித்தேன். நடுவில் நாலு பேர் சேர்ந்து சொந்தமாக ஒரு பேண்டும் வைத்திருந்தோம், அது ஆறு வருஷம் ஓடியது. வேலந்தாவளம், எருத்தேம்பதி, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று இந்த எல்லை ஊர்களில் இருந்து தமிழ் பேசுகிற பிள்ளைகள் கிட்டார் பையோடு வருகிறார்கள். சில நாள் அவர்களுடைய அம்மா அப்பாவும் வருகிறார்கள். எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள். பாதி பதில் சொல்வதற்குள் அடுத்த குழுவுக்கு நேரமாகிவிடுகிறது. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, முழுப் பதிலையும் கீழே எழுதி வைக்கிறேன்.

அண்ணா, இண்டி பேண்டுன்னா என்னங்ண்ணா? கானமேளா ட்ரூப்பும் பேண்டுதானே?

இரண்டிலும் கிட்டார் உண்டு, டிரம்ஸ் உண்டு, கீபோர்டு உண்டு. கானமேளாவில் திருவிழாக் கமிட்டி கேட்கிற சினிமாப் பாட்டை அசலில் இருக்கிற மாதிரியே வாசிக்க வேண்டும். அது லேசான வேலை இல்லை. ராத்திரி நாலு மணி நேரம் முப்பது பாட்டு வாசித்துவிட்டு, மறுநாள் வேறு ஊரில் அதே சுத்தத்தோடு வாசிக்கிற ஆட்களிடம்தான் நான் தாளம் கற்றுக்கொண்டேன்.

இண்டி என்பது சுயாதீனக் குழு. பாட்டு அவர்களுடையது, பதிவு செய்கிற காசும் பெரும்பாலும் அவர்களுடையது. எந்தப் படத்தின் காட்சிக்காகவும் அந்தப் பாட்டு எழுதப்படுவதில்லை. ராக் என்றால் கிட்டார், பேஸ், டிரம்ஸ் மூன்றும் முதுகெலும்பு. அதன் மேல் வயலின் வைக்கலாம், செண்டை வைக்கலாம், உறுமி வைக்கலாம்.

அவியல், தைக்கூடம் பிரிட்ஜ் எல்லாம் ஒரே நாள்ல வைரலாகி வந்தவங்கதானே?

இந்த நினைப்புதான் நிறையப் பிள்ளைகளை ஆறே மாதத்தில் கிட்டாரை மூலையில் வைக்கச் செய்கிறது. இரண்டுமே கேரளத்து இண்டி குழுக்கள். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தைக்கூடம் பிரிட்ஜ் 2013இல் கொச்சியில் தொடங்கியது. கொச்சி நகரத்துக்குள் இருக்கிற ஓர் இடத்தின் பெயர்தான் தைக்கூடம். கோவிந்த் மேனன், சித்தார்த் மேனன் என்ற உறவுக்காரப் பையன்கள் இரண்டு பேர் சேர்ந்து ஆரம்பித்தார்கள். கப்பா டிவி என்ற மலையாளச் சேனலின் மியூசிக் மோஜோ நிகழ்ச்சியில் வாசித்தது யூடியூபில் பரவியதும் கேரளம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பார்க்கிறவர்களுக்கு அது ஒரு ராத்திரியில் நடந்தது. ஆனால் அந்த மேடையில் நின்றவர்கள் யாரும் அன்று காலையில் வாத்தியம் எடுத்தவர்கள் இல்லை. கோவிந்த் சின்ன வயதில் இருந்து வயலின் வாசிப்பவர். அவருடைய அப்பா பீதாம்பரன் மேனனும் அந்தக் குழுவில் பாடியவர். ஒரு வீட்டில் பல வருஷமாகக் கேட்ட பாட்டு அந்த மேடைக்கு வந்து சேர்ந்தது.

இதற்கு முன்னால் நடந்தது இன்னும் முக்கியம். கொச்சியில் 13ஏடி என்ற குழு 1977இல் தொடங்கியது. சீலார்ட் ஹோட்டலில் வாசித்து வாசித்துப் பேர் எடுத்தவர்கள். அவர்களுடைய முதல் ஆல்பம் வந்தது 1990இல், 13 வருஷம் கழித்து. 1996இல் அதே கொச்சியில் மதர்ஜேன் தொடங்கியது. பைஜு தர்மஜன் எலக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக சங்கீத கமகம் வாசித்ததை வடக்கே இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த ஆல்பம் 2008இல் வந்தது. அவியல் 2003இல் திருவனந்தபுரத்தில் தொடங்கி, 2008இல் முதல் ஆல்பம் போட்டு, 2011இல் ஒரு மலையாளப் படத்தில் பாடிய பிறகுதான் குக்கிராம டீக்கடை வரைக்கும் போனது. தைக்கூடத்துப் பிள்ளைகள் ஏறிய மேடைக்கு மண் போட்டவர்கள் இவர்கள் எல்லாரும்.

அவியலை நான் முதலில் கேட்டது பஸ் ஸ்டாண்டு மொபைல் கடையில். அப்போது மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுப்பார்கள். கடைக்காரர் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரைத் திறந்து, "இது சினிமாப் பாட்டு இல்லை, வேணுமா?" என்று கேட்டார். நானும் எங்கள் டிரம்மரும் ஒரே இயர்போனை ஆளுக்கு ஒரு காதில் வைத்துக்கொண்டு, பொள்ளாச்சி பஸ் போனது தெரியாமல் நின்றோம். அந்தப் பாட்டு அங்கே வந்து சேர எத்தனை வருஷம் ஆனது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

அப்போ எத்தனை வருஷங்ண்ணா ஆகும்? வீட்டுல கேக்கறாங்க.

மேலே சொன்ன வருஷங்களையே கணக்கு வைத்துக்கொள். குழு தொடங்கி முதல் ஆல்பத்துக்கு அவியலுக்கு ஐந்து, 13ஏடிக்குப் பதின்மூன்று. பெங்களூரின் அகம் 2003இல் தொடங்கியது, முதல் ஆல்பம் 2012இல். டெல்லியின் இந்தியன் ஓஷன் 1990இல் தொடங்கியது. அவர்களை நாடு முழுக்கக் கொண்டுபோன ஆல்பம் 2000இல் வந்தது. கேரளத்து சுரியானி கிறிஸ்தவர்களின் பழைய ஜெபப் பாட்டு ஒன்றுதான் அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு.

வீட்டில் கேட்டால் பத்து வருஷம் என்று சொல். குறைத்துச் சொன்னால் மூன்றாவது வருஷத்திலேயே சண்டை வரும்.

நாங்க வீட்டுல தமிழ், வெளியில மலையாளம். எந்த பாஷையில பாட்டு எழுதறதுங்ண்ணா?

இதைக் கேட்காத குழுவே இங்கே வந்ததில்லை. எனக்கும் இதுதான் மனசுக்கு ரொம்ப நெருக்கமான கேள்வி.

அவியலுக்கு முன்னால் கேரளத்து ராக் குழுக்கள் பெரும்பாலும் இங்கிலீஷில்தான் பாடின. ராக் என்றால் இங்கிலீஷ் என்றுதான் வாசித்தவர்களும் நினைத்தார்கள், கேட்டவர்களும் நினைத்தார்கள். டோனி ஜான், ரெக்ஸ் விஜயன், மிதுன், பின்னி ஐசக் எல்லாரும் இருந்த அந்தக் குழு நாட்டுப்புற வாடையோடு மலையாளத்தில் பாடியது. கிட்டார் அதே கனம்தான், டிரம்ஸ் அதே வேகம்தான். ஆனால் வயலில் நிற்கிறவனுக்கும் வார்த்தை புரிந்தது. சென்னையில் 2018 ஜனவரியில் பா. ரஞ்சித்தின் முயற்சியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் மேடை ஏறியபோதும் இதேதான் நடந்தது. கானா பாடுகிறவர்கள் தங்கள் தெருப் பேச்சை மாற்றாமல் ராக், ராப் இசையோடு பாடினார்கள்.

நம் பேச்சு இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது. போதும் என்பதற்கு "மதி" என்கிறோம், பேச்சுக்கு நடுவில் "பின்னே" போடுகிறோம், பக்கத்து வீட்டுக்காரரை ஒரு நாள் அண்ணா என்றும் மறுநாள் சேட்டா என்றும் கூப்பிடுகிறோம். கோயம்புத்தூர்க்காரர் நம்மை மலையாளி என்கிறார், ஒத்தப்பாலத்துக்காரர் தமிழன் என்கிறார். இதைக் குறை என்று நினைத்துத்தான் பிள்ளைகள் பாட்டு எழுதும்போது சுத்தமான சினிமாத் தமிழுக்கு ஓடுகிறார்கள். நிலவே, மலரே என்று ஆரம்பிக்கிற பாட்டுகள் என் மேசையில் ஒரு கட்டு கிடக்கின்றன.

வேலந்தாவளம் பக்கத்துப் பையன் ஒருத்தன் அப்படி ஒரு பாட்டோடு வந்தான். அவன் அப்பா கள் இறக்குகிறவர். "காலையில தென்னையில ஏறும்போது அப்பா என்ன சொல்வார்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "காத்து மாறிடுச்சும்பாருங்ண்ணா" என்றான். மேலே போய் என்ன செய்வார் என்று கேட்டேன். பாளையை எலும்பால் தட்டுவார் என்று சொல்லி, மேசையில் விரலால் தட்டிக் காட்டினான். மூன்று தட்டு, ஒரு இடைவெளி, இரண்டு தட்டு. டிரம்மர் எழுந்து போய் ஃப்ளோர் டாமில், தரையில் நிற்கிற பெரிய டிரம்மில், அதையே வாசித்தான். பேஸ் சேர்ந்தது. அரை மணி நேரத்தில் "காத்து மாறிடுச்சு" என்ற வரியைச் சுற்றி ஒரு பாட்டு நின்றது. அதில் ஒரு அடி மலையாளத்தில் வருகிறது, ஏனென்றால் கள் அளந்து எடுக்க வருகிறவர் பேசுவது மலையாளம். யாரும் அதைத் தனியாகக் கவனிப்பதுகூட இல்லை.

ஆகவே, பாட்டில் வருகிற ஆள் எந்த பாஷையில் பேசுவாரோ அதிலேயே எழுது. கேட்கிறவர் எந்த மாநிலம் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

கவர் பாட்டு போட்டா மதிப்புக் குறைஞ்சிடுமா?

கவர் என்றால் அடுத்தவர் பாட்டை நாம் வாசிப்பது. மதிப்புக் குறையாது. தைக்கூடம் பிரிட்ஜுக்கே முதலில் கூட்டம் சேர்த்ததில் பழைய சினிமாப் பாட்டுகளைக் கோத்துப் பாடிய கலவைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. 2015இல் சொந்தப் பாட்டுகளோடு 'நவரசம்' ஆல்பம் வந்தது.

புதுக் குழுக்களுக்கு நான் சொல்வது இது. எட்டுப் பாட்டு வாசித்தால் மூன்றாவதும் ஆறாவதும் சொந்தப் பாட்டாக இருக்கட்டும். முதல் பாட்டில் கூட்டம் இன்னும் உட்காரவில்லை, கடைசிப் பாட்டில் பாதிப்பேர் செருப்பைத் தேடுகிறார்கள். யூடியூபில் கவர் போட்டால் அதன் வருமானம் பெரும்பாலும் அசல் பாட்டின் உரிமையாளருக்குப் போகும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்.

கொச்சிக்கோ சென்னைக்கோ போயே ஆகணுமா? இங்க இருந்துட்டு என்ன பண்ண முடியும்?

அமெரிக்காவில் ஆர்.இ.எம். என்று ஒரு குழு இருந்தது. இண்டி ராக்கில் அடியில் இருந்து உச்சிக்குப் போன கதை என்றால் உலகம் முழுக்க முதலில் சொல்வது அவர்களைத்தான். நியூயார்க்கில் தொடங்கவில்லை, ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்ற கல்லூரி ஊரில் தொடங்கினார்கள். 1980 ஏப்ரலில் ஒரு பழைய சர்ச் கட்டடத்தில் நண்பர் ஒருவரின் பிறந்தநாளுக்குத்தான் முதன்முதலாக வாசித்தார்கள். அப்புறம் ஒரு வேனில் ஊர் ஊராகப் போய்ச் சின்னச் சின்ன இடங்களில் வாசித்தார்கள், கல்லூரி மாணவர்கள் நடத்துகிற ரேடியோக்கள் அவர்கள் பாட்டைப் போட்டன. 1983இல் முதல் முழு ஆல்பம். பெரிய கம்பெனியோடு ஒப்பந்தம் 1988இல். உலகம் முழுக்கத் தெரிந்தது 1991இல். அத்தனை வருஷமும் அவர்களுடைய ஊர் ஏதென்ஸ்தான்.

நம்மைச் சுற்றிப் பார். மேற்கே பாலக்காடு ஐஐடி, விக்டோரியா கல்லூரி. கிழக்கே பொள்ளாச்சி, கோயம்புத்தூர் கல்லூரிகள். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இரண்டு மாநிலத்துக் கல்லூரி விழாக்கள் கிடைக்கிற இடம் கொச்சியும் இல்லை, சென்னையும் இல்லை. விழாக் கமிட்டிப் பையன்கள் வருஷா வருஷம் மாறுவார்கள். அதனால் ஒவ்வொரு வருஷமும் புதிதாக நேரில் போய்ப் பார்க்க வேண்டும். போனில் பேசி எங்களுக்கு ஒரு மேடைகூடக் கிடைத்ததில்லை. பென் டிரைவில் மூன்று பாட்டோடு நேரில் போனபோது கிடைத்தது. நல்ல மிக்ஸிங்குக்குக் கொச்சி போகலாம், சென்னை போகலாம். குடியேற அவசரம் வேண்டாம்.

பத்து மணிக்கு போலீஸ் நிறுத்திடறாங்க. காத்துல மைக் வேற கர்ருங்குது. என்னங்ண்ணா பண்றது?

ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதுதான் சட்டம். வருஷத்தில் சில நாள் மட்டும் பன்னிரண்டு மணி வரை மாநில அரசு தளர்த்தலாம். திருவிழாவில் கடைசியாக மேடை கொடுத்தால் நம் நேரம்தான் வெட்டுப்படும். எட்டரைக்கே மேடை கேட்டு வாங்கு.

காற்று விஷயம் நம் ஊருக்கே உரியது. பாலக்காட்டுக் கணவாயில் ஆனி, ஆடி மாதம் வீசுகிற காற்றுக்கு வெளிமேடையில் மைக் வைத்தால் பாடுகிறவர் குரலுக்கு மேல் காற்றுச் சத்தம்தான் வரும். மைக்குக்கு நல்ல தடிமனான ஸ்பாஞ்சு உறை போடு. மிக்ஸரில் குரல் மைக்குகளுக்கு அடி சத்தத்தை வெட்டுகிற லோ கட் பட்டனை அமுக்கு. மேடை முதுகை மேற்கே வைக்கச் சொல், காற்று பின்னால் இருந்து வரும். பின்னால் கட்டுகிற ஃபிளெக்ஸில் அங்கங்கே பிளேடால் அரைவட்டமாகக் கீறி விடு. எங்கள் மேடை ஒன்றில் கீறாமல் கட்டிய ஃபிளெக்ஸ் பாய்மரம் மாதிரி உப்பி, கம்பத்தோடு டிரம்ஸ் மேல் சாய்ந்தது. டிரம்மருக்குத் தோளில் நாலு தையல்.

தம்பி, எம் பையன் வேலைக்குப் போ மாட்டீங்கறான், பேண்டு பேண்டுங்கறான். நீங்கதான் சொல்லணும்.

அம்மா, அவனிடம் அகம் குழுவைப் பற்றிச் சொல்லுங்கள். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை பார்த்த பிள்ளைகள் 2003இல் ஆரம்பித்தது. கர்நாடக சங்கீதத்தை ராக்கோடு வாசிப்பார்கள். 2007இல் ஏ.ஆர். ரகுமான் நடுவராக இருந்த சன் டிவி போட்டியில்தான் வெளியே தெரிந்தார்கள். அதில் பாடுகிற ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் நம் ஜில்லா ஷொர்ணூர்க்காரர். மேடையில் ஆயிரக்கணக்கான பேர் கூடப் பாடுகிற காலத்திலும் அவர் பெரிய கம்பெனிகளில் டிசைன் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை இருந்தால் பேண்டுக்கு நல்லது என்று நான் நம்புகிறேன். அடுத்த மாச வாடகைக்காகப் பிடிக்காத மேடைக்கு ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அவனுக்கு வாரத்தில் இரண்டு சாயங்காலம் முழுசாக விடுங்கள். கல்யாணம், காதுகுத்து என்று அந்த இரண்டிலும் வேலை வைக்காதீர்கள். இது அவனுக்காக நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது.

காசை எப்படிங்ண்ணா பிரிக்கறது? பாட்டு எழுதினவனுக்கு அதிகமா?

எங்கள் பேண்டு முடிந்தது இதில்தான். ஒரு உள்ளூர் விளம்பரத்துக்கு எங்கள் பாட்டைக் கேட்டு வாங்கினார்கள், ரூபாய் பன்னிரண்டாயிரம். வரி எழுதியது நான், மெட்டு பாடகனுடையது. ஆனால் விளம்பரத்தில் அவர்கள் எடுத்தது கிட்டார்காரன் வாசித்த ஆரம்ப ரிஃப் மட்டும், திரும்பத் திரும்ப வருகிற சின்ன மெட்டுத் துண்டு, பத்து விநாடி. ஆளுக்கு ஒரு நியாயம் சொன்னோம். எல்லா நியாயமும் சரியாகவே இருந்தது. மூன்று மாதம் ஒருவருக்கு ஒருவர் போன் செய்யவில்லை, அப்படியே நின்றுவிட்டது.

மேலே சொன்ன ஆர்.இ.எம். குழுவில் நாலு பேர். யார் எழுதினாலும் பாட்டுக்குக் கீழே நாலு பேர் பெயரும் போட்டார்கள், வருமானம் சமமாகப் பிரிந்தது. 1997இல் டிரம்மர் விலகினார், மற்ற மூன்று பேரும் 2011 வரை சேர்ந்தே இருந்தார்கள். முப்பது வருஷம் அப்படி ஓட இந்த ஏற்பாடு ஒரு பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

நம் நாட்டுச் சட்டத்தில் பாட்டுக்கு ஆசிரியர் என்றால் வரி எழுதியவரும் இசையமைத்தவரும்தான். டிரம்ஸ் வாசித்தவர் இசையமைத்தவர்களில் ஒருவர் என்று எழுதி வைத்தால்தான் அந்தப் பங்கு அவருக்கு வரும். முதல் பாட்டு முடிந்த அன்றே ஒரு வெள்ளைத் தாளில் பெயரும் பங்கும் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். மேடைப் பணம் வேறு கணக்கு. வண்டி வாடகை, சாப்பாடு, சவுண்டுக்காரர் கூலி போக மீதியில் ஒரு பங்கு பேண்டின் பொதுப் பெட்டிக்கு, மற்றது சமமாக.

ஒரு கம்பெனி கையெழுத்து கேக்குதுங்ண்ணா. போடலாமா?

படித்துவிட்டுப் போடு. எங்களிடம் ஒரு கம்பெனி ஐந்து பாட்டுக்குக் கையெழுத்து வாங்கியது. உலகம் முழுவதும், எல்லாக் காலத்துக்கும் என்று அதில் இருந்தது. வெளியிடாவிட்டாலும் உரிமை அவர்களுக்கே என்று ஒரு வரியும் இருந்தது. நாங்கள் பார்த்தது கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும். அந்த ஐந்து பாட்டும் இன்று வரை வெளியே வரவில்லை. அதில் ஒன்று எங்கள் பாடகனின் தங்கை இறந்தபோது எழுதியது.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் நமக்கு உதவுகிற சில பிடிகள் உண்டு. பத்திரத்தில் எத்தனை வருஷம் என்று எழுதவில்லை என்றால் ஐந்து வருஷம்தான் செல்லும். எந்த இடம் என்று எழுதவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும்தான். வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதி ஆகும். ஆனால் பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் இது ஓடாது, எங்களுக்கு நடந்தது அதுதான். 2012இல் வந்த திருத்தத்தில் வரி எழுதியவர், இசையமைத்தவர் இருவரின் ராயல்டிப் பங்கை எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று வந்தது. அந்தப் பணத்தை வசூலித்துக் கொடுக்கிற அமைப்பு ஐபிஆர்எஸ். முதல் பாட்டு வெளியாகும்போதே அதில் உறுப்பினராகிவிடு.

நம்ம பாட்டை சினிமாவுல யாராவது எடுத்துட்டா என்னங்ண்ணா பண்றது?

2022இல் வந்த 'காந்தாரா' கன்னடப் படத்தின் ஒரு பாட்டு, தங்கள் 'நவரசம்' பாட்டைப் போலவே இருக்கிறது என்று தைக்கூடம் பிரிட்ஜ் வழக்குப் போட்டது. ஒரே ராகம் என்பதால் அப்படிக் கேட்கிறது என்று படத்தரப்பு மறுத்தது. கோழிக்கோட்டு நீதிமன்றம் அந்தப் பாட்டுக்கு இடைக்காலத் தடை போட்டது. பாட்டின் உரிமை வைத்திருந்த மலையாளப் பத்திரிகை நிறுவனமான மாத்ருபூமி நம் பாலக்காட்டு நீதிமன்றத்துக்கு வந்து இன்னொரு தடை வாங்கியது. பிறகு இரண்டுமே நிலைக்கவில்லை. விவகாரம் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை போனது.

ராகம் யாருக்கும் சொந்தம் இல்லை. அந்த ராகத்தில் நீ கோத்த குறிப்பிட்ட மெட்டும் அமைப்பும் உன்னுடையவை. பதிவு செய்யாவிட்டாலும் பாட்டு உருவான நிமிஷமே உரிமை உண்டு. ஆனால் எப்போது உருவானது என்பதை நீதான் காட்ட வேண்டும். போனில் பாடி வைத்த முதல் ஆடியோவை அழிக்காதே. ரிகர்சல் பதிவு, ஸ்டுடியோ ஃபைல், வெளியான தேதி எல்லாவற்றையும் வைத்திரு. இன்னொன்று, வழக்குப் போட இரண்டு தரப்பு வந்ததைக் கவனி. பாட்டைச் செய்தவர் ஒருவர், உரிமையாளர் இன்னொருவர். அதனால்தான் முந்தின பதிலில் பத்திரத்தைப் படி என்றேன்.

சினிமாவுக்குப் போனா அப்புறம் இண்டி இல்லைன்னு சொல்றாங்களே?

சொல்கிறவர்கள் சொல்லட்டும். தைக்கூடத்தின் கோவிந்த்தான் அம்மா பெயரைச் சேர்த்து கோவிந்த் வசந்தாவாக 2018இல் '96' படத்துக்கு இசையமைத்தார். அதற்குப் பிறகு அவர் வயலின் கேட்காத தமிழ் வீடு இல்லை. அவியலின் ரெக்ஸ் விஜயனும் 2011 முதல் மலையாளப் படங்களுக்கு இசையமைக்கிறார். நல்ல இசை நிறையப் பேரிடம் போய்ச் சேர்ந்தது. அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சினிமா பெரும்பாலும் பேண்டைக் கூப்பிடாது, பேண்டில் இருந்து ஒருவரைக் கூப்பிடும். மற்றவர்கள் ரிகர்சல் ரூமில் காத்திருப்பார்கள். அந்த அழைப்பு வருவதற்கு முன்பே பேசி வையுங்கள். வெளி வேலைக்குப் போகிறவர் வருஷத்தில் எந்த மாதங்களைப் பேண்டுக்குக் கொடுப்பார், பேண்டு ஆட்களையே வாசிக்க அழைப்பாரா என்று. அழைப்பு வந்த பிறகு பேசினால் அது பொறாமை மாதிரியே காதில் விழும்.

பாடகன் போயிட்டான். பேண்டு பேரு யாருக்குங்ண்ணா?

அவியலில் முதலில் பாடிய ஆனந்தராஜ் பெஞ்சமின் பால் விலகினார். டோனி பாட ஆரம்பித்தார், குழு தொடர்ந்தது. மதர்ஜேனில் இருந்து பைஜு போனார், பேர் அங்கேயே இருந்தது. போகிறவர் பேரைக் கொண்டுபோவதில்லை என்று முதலிலேயே பேசிக்கொள்வதுதான் நல்லது. அதையும் காசு பற்றி எழுதுகிற அதே தாளில் எழுதலாம். பேரை வணிக முத்திரையாகப் பதிய வேண்டுமானால் பொழுதுபோக்குச் சேவைக்கான 41ஆம் வகுப்பில், ஒருவர் பேரில் மட்டும் போடாமல் எல்லார் பேரிலும் சேர்த்துப் பதியுங்கள்.

பழைய பாட்டைப் புதுப் பாடகன் பாடும்போது சுருதியை அவனுக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். போனவனின் குரலை நகல் எடுக்கச் சொல்லி ஒரு நல்ல பையனை நாங்கள் வாட்டினோம். அவன் பாடுவதையே விட்டுவிட்டான். அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

எட்டு வருஷம் ஆச்சுங்ண்ணா. ஒண்ணும் நடக்கல. நிறுத்திடலாமா?

போன மாதம் இதைக் கேட்டவனுக்கு முப்பத்தொரு வயது. டிரம் ஸ்டூலில் உட்கார்ந்து குச்சியைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டான். மூன்றாவது கேள்விக்கான பதிலைத் திரும்பச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்து, பதின்மூன்று என்ற கணக்கு மேலே போனவர்களின் கணக்கு. அதே வருஷங்களை அதே உழைப்போடு போட்டுவிட்டு வெளியே தெரியாமல் போனவர்களும் உண்டு. நானும் அவர்களில் ஒருவன்.

நிறுத்துவதா வேண்டாமா என்பதை அவனும் அவன் வீடும்தான் முடிவு செய்ய வேண்டும். நான் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். பிரிவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வாருங்கள், ரூமுக்குக் காசு வேண்டாம், இருக்கிற பதினொரு பாட்டையும் நேராக வாசித்துப் பதிவு செய்துவிடுவோம் என்று. எங்கள் பேண்டு அதைச் செய்யவில்லை. கம்பெனியிடம் மாட்டிய ஐந்து போக மற்ற பாட்டுகளில் பாதி இப்போது எனக்கே வரிசையாக ஞாபகம் இல்லை.

வந்தார்கள். காலை ஒன்பதுக்கு ஆரம்பித்து மாலை ஐந்து மணிக்கு ஒன்பது பாட்டு முடிந்தது. இரண்டு ஹார்டு டிஸ்கில் ஏற்றி, ஒன்றை அவனிடம் கொடுத்துவிட்டு ஒன்றை நான் வைத்துக்கொண்டேன். மீதி இரண்டு பாட்டுக்கு அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.